கணக்கு யார் கையில்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பெரும்போக நெல் அறுவடையாகும் நாட்களில் வயல் வரம்பிலேயே வியாபாரம் முடிந்துவிடுகிறது. அறுவடை இயந்திரத்திலிருந்து ஈரம் காயாத நெல் நேரே லொறிக்கு ஏறுகிறது. தராசு வாங்குபவருடையது. ஈரத்துக்கென்று கழிக்கும் நிறையைத் தீர்மானிப்பவர் அவரே. விலையைச் சொல்பவரும் அவரே. விற்றவர் கையில் மிஞ்சுவது ஒரு துண்டுக் காகிதம். பல வேளைகளில் அதுவும் இல்லை. விதைப்புக் காலத்தில் பெற்ற கடன் கழிந்தபின் மீதி எவ்வளவு என்பது வாங்கியவரின் குறிப்பேட்டில் இருக்கிறது. உழுதவன் கையில் கணக்கு இல்லை. கணக்கில்லாதவனுக்கு வங்கியில் கடன் இல்லை. வழக்காடச் சான்று இல்லை.

டிஜிட்டல் பொருளாதாரம் என்ற சொல் இன்று கொழும்பு மேடைகளிலெல்லாம் ஒலிக்கிறது. நமது கமக்காரருக்கும், ஆலைக்காரருக்கும், வாவி மீனவருக்கும், கடைத்தெரு வணிகருக்கும் அச்சொல்லின் பொருள் யாது? புதுக் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வதா? அன்று. நம் தொழிலின் கணக்கை நம் கைக்கு மீட்டுக்கொள்வதே அதன் முதற்பொருள் என்பது எமது துணிபு.

கருவி மட்டும் வந்தால் போதாது என்பதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் உண்டு. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. துறையிலே படகுப்பாதைக்குக் காத்து நின்ற காலம் போயிற்று. மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் அண்மித்தன. அந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் பாலம் நெல்லுக்கு விலை பேசித் தரவில்லை. லொறி விரைவாக வந்தது, விரைவாகப் போனது. கிழக்கின் நெல் பொலன்னறுவை ஆலைகளுக்குச் சென்று, அரிசியாகி, நம் கடைகளுக்கே திரும்புவது இன்றும் நிற்கவில்லை. கைத்தொலைபேசியும் இத்தகையதொரு பாலமே. அதன்மேல் யாருடைய சரக்கு, யாருடைய கணக்கோடு போகிறது என்பதே கேள்வி.

சட்டம் இவ்விடயத்தில் நமக்குத் தடையாக இல்லை. கணினிச் சான்றை நீதிமன்றம் ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமே வழி திறந்தது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் ஒருபடி மேலே சென்றது. ஓர் ஆவணமோ ஒப்பந்தமோ இலத்திரனியல் வடிவில் இருக்கின்றது என்ற ஒரே காரணத்துக்காக அதன் சட்ட வலுவை மறுக்க முடியாது என்பதே அதன் சாரம். மரணசாசனம், அற்றோர்னித் தத்துவம், காணி விற்பனை போன்றவை அதற்குப் புறம்பானவை. நெல் விற்பனை புறம்பானதன்று. இறால் விற்பனையும் அரிசி விற்பனையும் புறம்பானவையல்ல. இத்தனை மூட்டை, இத்தனை கிலோ, இன்ன விலை என்று வாங்குபவர் தொலைபேசியில் அனுப்பும் ஒரு செய்தியும், வங்கிக் கணக்குக்கு வந்து சேரும் பணத்தின் பதிவும், வரம்பில் கொடுத்த வாய்ச்சொல்லைவிட நூறு மடங்கு வலுவுடையவை. இவ்வுரிமை இருந்தும் அதனைப் பயன்படுத்தாதிருப்பது யார் குற்றம்?

"நம்மவர்க்கு இது கைவருமா?" என்று ஐயுறுவோர் உளர். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் பஞ்சத்தை அவர்கள் நினைவுகூரட்டும். அவ்வாண்டு ஜூலையில் கியூஆர் குறியீடு வந்தபோது, மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒவ்வொருவரும் அதனைப் பெற்றுக்கொண்டு எண்ணெய் நிலையத்தில் வரிசையாக நின்றனர். தேவை என்று கண்டபோது நம் மக்கள் கற்றனர். பெற்றோலுக்குக் காட்டிய அக்கறையை நெல்லுக்குக் காட்ட முடியாதா?

கொழும்புத் தேயிலை ஏலத்தையும் நோக்குவோம். 1883ஆம் ஆண்டில் தொடங்கி, மண்டபத்தில் கூவி விலை கேட்கும் முறையிலேயே 136 ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஏலம் அது. 2020 ஏப்ரலில், கொவிட் ஊரடங்கின் நடுவே, சில வாரங்களில் அது கணினிக்கு மாறியது. எப்படி முடிந்தது? தேயிலைக்கு முன்னரே தரம் உண்டு, மாதிரி உண்டு, பட்டியல் உண்டு, தரகருக்கு விதி உண்டு. ஒழுங்கு முன்பே இருந்தது. கணினி அதன்மேல் ஏறி அமர்ந்தது. நெல்லுக்கு அவ்வொழுங்கு இல்லை. அதனை முதலில் நாம் உண்டாக்க வேண்டும்.

அக்கரையிலே கேரளக் கடற்கரையின் கதையும் நமக்குப் படிப்பினை தருவது. 1997 முதல் 2001 வரை அங்கே கைத்தொலைபேசி பரவியபோது, மீனவர் கடலில் நின்றபடியே எந்தத் துறையில் விலை நல்லது என்று கேட்டறிந்து அங்கே கரை சேர்ந்தனர். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்களுடைய இலாபம் சராசரி 8 சதவீதம் உயர்ந்தது. மீன் வாங்குவோருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. விற்காமல் வீசப்பட்ட மீன் இல்லையென்றே ஆயிற்று. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. விரும்பிய துறைக்குப் போகும் சுதந்திரம் இருந்தவனுக்கே விலைச் செய்தி பயன்பட்டது. முற்பணம் வாங்கிய ஒருவருக்கே விற்றாக வேண்டும் என்று கட்டுண்டவனுக்குப் பத்துச் சந்தைகளின் விலை தெரிந்தும் பயன் என்ன? ஆதலின் கருவியோடு கூட்டுறவும் சேர்ந்தே வர வேண்டும்.

வணிகரின் அச்சங்களும் தள்ளத்தக்கன அல்ல. எழுத்தில் கணக்கு வைத்தால் வரிகாரர் வருவார் என்பது ஓர் அச்சம். வரி வரம்புக்குள் வருகின்ற வணிகர் வரி செலுத்தவே வேண்டும். வராத சிறு வணிகருக்கு அந்த வரம்புக்குள் தாம் இல்லை என்று நிறுவும் சான்றும் அக்கணக்கே. மோசடிக்காரர் பணத்தை எடுத்துவிடுவர் என்பது மற்றோர் அச்சம். அது மெய்யான அபாயமே. வங்கி அனுப்பும் இரகசிய இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லலாகாது என்ற ஒரு விதியை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் கற்பித்தால் பெரும்பகுதி மோசடி தடுக்கப்படும்.

இனி மொழி. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, 1961இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கச்சேரி வாயில்களில் நம் முன்னோர் அமர்ந்தது எதற்காக? அரசின் படிவம் நம் மொழியில் வர வேண்டும் என்பதும் அவ்வறப்போரின் கோரிக்கையன்றோ? 1987இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. இன்று படிவம் காகிதத்திலிருந்து தொலைபேசித் திரைக்கு இடம் மாறுகிறது. காகிதத்தில் வென்ற உரிமையைத் திரையில் இழக்கலாமா? வங்கியும் திணைக்களமும் அனுப்பும் செய்தி தமிழில் வரவில்லையெனில், கேட்டுப் பெறுவது நம் கடமை. 1930களிலேயே சென்னையில் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த கிழக்கு இது. விஞ்ஞானம் தமிழில் வாராது என்ற பேச்சு இங்கே எடுபடாது.

செய்ய வேண்டியது யாது? கமக்கார அமைப்பு ஒவ்வொன்றும் இலத்திரனியல் தராசு ஒன்றும் ஈரப்பதமானி ஒன்றும் சொந்தமாக வாங்கட்டும். 2025 பெப்ரவரியில் அரசு உத்தரவாத விலையாக நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபாவும், சம்பாவுக்கு 125 ரூபாவும், கீரிச் சம்பாவுக்கு 132 ரூபாவும் அறிவித்தது. நெல் சந்தைப்படுத்தும் சபை அத்தகைய முழு விலை கொடுப்பது 14 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இல்லாத நெல்லுக்கே. ஈரத்தை நாமே அளந்தால்தான் கழிவு நியாயமானதா என்று நமக்குத் தெரியும். இரண்டாவதாக, ஒவ்வொரு விற்பனைக்கும் தொலைபேசிச் செய்தியாகப் பற்றுச்சீட்டும், வங்கி வழியே பணமும் கேட்போம். மூன்றாவதாக, காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் உள்ள சிறு கடைகள் மத்திய வங்கி வகுத்த லங்காகியூஆர் முறையை ஏற்கட்டும். ஆறு மாதக் கணக்குக் கையிலிருந்தால் வங்கி முகாமையாளர் முன் நிமிர்ந்து உட்காரலாம். நான்காவதாக, கூட்டுறவுச் சங்கங்கள் அக்கணக்கையே பிணையாகக் கொண்டு விதைப்புக் கடன் கொடுக்க முன்வரட்டும். கடன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விலையும் தீர்மானிக்கப்படுகிறது.

இதற்குக் கற்றோர் துணை வேண்டும். நகரத்துச் சட்டத்தரணிகளும், கணக்காளரும், ஆசிரியரும், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக மாணவரும் ஆளுக்கொரு கிராமத்தை ஏற்று, ஒரு போகம் முழுதும் கூட நின்று கணக்கெழுதக் கற்பிப்பாராக. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வாவியில் வலை வீசுகின்றோம். ஒரே மழையை நம்பி விதைக்கின்றோம். கணக்கிலும் ஒன்றுபடுவோம். அடுத்த பெரும்போகத்தில் லொறி வயலுக்கு வரும்போது, அங்கே நம் தராசு நிற்கட்டும். நம் மொழியில் பற்றுச்சீட்டு எழுதப்படட்டும்.