அந்தக் கை அசையட்டும்

மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, ‘அந்தக் கையை அசைக்காதே’ என்பதுதான். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் சான்றுகள் அதன் பக்கம் இல்லை. அக்குள் நிணநீர்க் கணுக்களை விரிவாக அகற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குவதாக 2013-இல் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டியது. கதிர்வீச்சும் சேர்ந்தால் தோள் இறுகலாம். ரவிக்கை போட, தலை வார, மேல் அலமாரி டப்பாவை எடுக்க அடுத்தவரை எதிர்பார்க்கும் நிலை வரும். வீக்கத்துக்குப் பயந்து கையை முடக்குவது இந்த இறுக்கத்தைத்தான் வளர்க்கும்.

பிரிட்டனில் 392 பெண்களிடம் நடத்தி 2021-இல் வெளியான ‘பிராஸ்பர்’ ஆய்வில், அறுவைக்குப் பின் 7 முதல் 10 நாட்களில் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலுடன் பயிற்சி தொடங்கியவர்களின் கை ஓராண்டு கழித்து மேலாக இயங்கியது, வீக்கம் கூடவில்லை. எடை தூக்கலாமா என்ற பயத்துக்கு 2009-இலேயே பதில் வந்துவிட்டது. கை வீங்கியிருந்த 141 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் மோசமாகவில்லை. நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனையில் இதற்கு ஆள் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிராஸ்பர் கேட்டது சில நேர்ச் சந்திப்புகளையும் தொலைபேசி அழைப்புகளையும் மட்டுமே, அதுவும் ஆபத்து அதிகமுள்ளோருக்கு. அவர்களை அறுவைக்கு முன்பே அடையாளம் கண்டு, டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே பயிற்சி தொடங்கும் தேதியையும் எழுதித் தரலாம்.