பந்து எங்கே? ஆப் சொல்லும்! எத்தனை தடவை அடிச்சீங்க?

"நமக்கும் கோல்ஃபுக்கும் என்ன பாஸ் சம்பந்தம்? அது பெரிய மனுஷங்க விளையாட்டாச்சே!"னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. என் மாமா, நீலகிரியில ஒரு கோல்ஃப் மைதானத்துல கேடி. அதாவது, ஆடுறவங்களோட மட்டைப் பையைச் சுமந்துக்கிட்டு, 'இங்கேர்ந்து இத்தனை கஜம், இந்த மட்டையை எடுங்க'னு சொல்றவர். திங்கட்கிழமை அங்கே கேடிகளே ஆடலாம். செமஸ்டர் லீவுல மாமா அனுமதி வாங்கி என்னையும் இறக்கிவிட்டார். இந்தியன் ஓப்பனை 1991-ல ஜெயிச்ச அலி ஷேரும் ஒருகாலத்துல கேடிதான். நமக்கும் ஒரு நாள் விடியாதானு ஒரு நப்பாசை!

நான் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் ஆச்சே... முதல் வேலையா போன்ல ஒரு கோல்ஃப் ஆப் இறக்கினேன். ஒரு குழி முன்னாடி நின்னோம். மாமா, "150" என்றார். ஆப், "137" என்றது. "மாமா, இது சாட்டிலைட் கணக்கு!"னு பெருமையா சொல்லி, தூரம் குறைவாப் போற மட்டையை எடுத்து அடிச்சேன். பந்து நேரா ஓடையில டொபுக்!

அப்புறம் செட்டிங்ஸைத் திறந்தா... ஆப் மீட்டர்ல இருக்கு! 137 மீட்டர்னா 150 கஜம். மாமா சொன்னதும் சரி, சாட்டிலைட் சொன்னதும் சரி. நடுவுல நான்தான் தப்பு.

அதனால, ஆப் தேர்வு பண்ணும்போது எதைப் பார்க்கணும்னு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

தூரம்: 18பேர்டீஸ், ஹோல்19, ஸ்விங்யூ, கோல்ஃப்ஷாட்னு ஆப் நிறைய இருக்கு. ஆனா சாட்டிலைட் சிக்னலை வாங்குறது உங்க போன்தான். திறந்த வானத்துக்குக் கீழே சுமார் 5 மீட்டர் வரைக்கும் முன்னே பின்னே இருக்கும். காசு கட்டினாலும் அது மாறாது. பச்சைப் புல்வெளியோட முன்பக்கம், நடு, பின்பக்கம் மூணுக்கும் தூரம் காட்டினா போதும். உங்க மைதானம் அதோட லிஸ்ட்ல இருக்கானு முதல்ல பாருங்க. மலையில டவர் கிடைக்காது, மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சுக்கணும். 18 குழி முடிய நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும், பேட்டரியும் தாங்கணும். 'ஃப்ரீ ட்ரயல்'னு உள்ளே இழுத்துட்டு, அப்புறம் தானா பணம் பிடிக்கிற சமாச்சாரத்தையும் கவனிங்க.

இன்னொண்ணு. 2019-லேர்ந்து விதிப்படி தூரம் பார்க்கலாம், போட்டி நடத்துறவங்க தடை போடாத வரைக்கும். ஆனா மேடு பள்ளத்தைக் கணக்குப் போட்டுச் சொல்ற வசதியைப் போட்டியில பயன்படுத்தக் கூடாது. முதல் தடவை அபராதம், ரெண்டாவது தடவை வெளியே! அந்த வசதியை ஆஃப் பண்ண முடியுற ஆப்பா இருக்கணும்.

ஸ்கோர்: ஒரு கை போதும்கிற மாதிரி, ரெண்டு தட்டுல நம்பர் ஏறணும். அடுத்த குழிக்கு நடக்கிறதுக்குள்ள போட்டுடணும். தள்ளிப்போட்டா ஞாபகம் நமக்குச் சாதகமாத்தான் வேலை செய்யும்!

ஹேண்டிகேப்: இதுதான் மேட்டரே. திறமையில ஏத்த இறக்கமா இருக்கிற ரெண்டு பேர் சமமா மோதுறதுக்கான நம்பர் இது. 2020-ல வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, உங்க கடைசி 20 ஆட்டத்துல சிறந்த 8-ஐ எடுத்து சராசரி போடுவாங்க. ஆரம்பிக்க 18 குழி ஆட்டம் மூணு போதும். அதுல சிறந்ததை எடுத்து 2 கழிப்பாங்க. மைதானம் எவ்வளவு கஷ்டம்கிறதும் கணக்குல சேரும். இந்த முறையில கணக்குப் போடுற ஆப்பா பார்த்து எடுங்க. ஆனா அதிகாரபூர்வ நம்பர் வேணும்னா அமைப்புல சேர்ந்த கிளப் வழியாத்தான் வாங்கணும். நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு ஆப் தர்றது பிராக்டிஸுக்கு மட்டும்தான்.

இப்ப என் வண்டவாளம். மூணு ஆட்டத்துலயும் 7 அடிச்ச இடத்துல 5-னு போட்டேன். ஓடைக்குப் போன பந்தை 'அது சும்மா ட்ரயல்'னு விட்டேன். ஆப் என் ஹேண்டிகேப் 17.8-னு சொல்லுச்சு. ஹாஸ்டல் குரூப்ல ஸ்க்ரீன்ஷாட் போட்டு ஒரே அலப்பறை!

அதைப் பார்த்து ஒரு நண்பன் பரோட்டா பந்தயத்துக்கு வந்தான். அவனோடது 22.6. அந்த மைதானத்துக்கு மாத்திப் பார்த்தா எனக்கு 19, அவனுக்கு 24. அதாவது, நான் அவனுக்கு 5 அடி விட்டுக் கொடுக்கணும். கொடுத்தேன். கணக்குப் பார்த்தப்ப 7 அடி வித்தியாசத்துல தோத்தேன்.

மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மாமா ஒண்ணும் பேசலை. சட்டைப் பையிலேர்ந்து மூணு ஸ்கோர் கார்டை எடுத்து நீட்டினார். நான் ஆடின மூணு ஆட்டமும் அவர் பென்சில்ல இருந்துச்சு. ஓடையில விழுந்தது, புதர்ல தொலைஞ்சது, குழி ஓரத்துல தடவினது... ஒண்ணு விடலை. நான் 91-னு போட்ட ஆட்டம் நிஜத்துல 101.

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா?"

"உன் நம்பரை நீதான்டா எழுதணும் மாப்ளே. நான் சொல்லி எழுதினா அது என் நம்பர்."

அன்னிக்கு ராத்திரி பழைய ஸ்கோர் எல்லாத்தையும் அழிச்சுட்டு, மாமா கார்டைப் பார்த்துப் போட்டேன். ஹேண்டிகேப் 27.2. அந்த மைதானத்துல 29. அப்படின்னா அவன்தான் எனக்கு 5 அடி கொடுத்திருக்கணும். 10 அடி வித்தியாசம்! நேர்மையா எழுதியிருந்தா 3 அடியில ஜெயிச்சிருப்பேன். என் பரோட்டாவை நானே தாரை வார்த்துட்டேன் மக்களே!

எந்த ஆப்பை வேணா எடுங்க. நீங்க எங்கே நிக்கிறீங்கன்னு அது சரியாச் சொல்லிடும். எத்தனை தடவை அடிச்சீங்கன்னு நீங்க தட்டினாத்தான் அதுக்குத் தெரியும்.

குரூப்ல புது ஸ்க்ரீன்ஷாட் போட்டாச்சு. ஓட்டிக்கிட்டு இருக்காங்க. அடுத்த லீவுல மறு பந்தயம். இந்தத் தடவை பரோட்டா அவன் செலவு!