ஆராய்ச்சிக்கு ஆள் நிலைக்க வேண்டாமா?

எருமைப்பாலில் கொழுப்பு அதிகம். பச்சிளங்குழந்தையின் வயிற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஆகவே குழந்தை உணவுக்கு இந்தியா வெளிநாட்டை எதிர்பார்த்தே தீரவேண்டும் என்று ஒரு காலத்தில் நிபுணர்களே சாதித்து வந்தனர். அதைப் பொய்யாக்கிக் காட்டியது மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். அங்கே கண்ட முறையைக் கொண்டுதான் குஜராத்தின் ஆனந்த் கூட்டுறவுப் பால் சங்கம் அமுல் குழந்தை உணவைத் தயாரித்து நாடெங்கும் விற்றது.

1950 அக்டோபரில் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய அந்த நிலையத்தின் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்ரமணியன். பின்னாளில் தஞ்சைத் தரணியில் நெல் பதன ஆராய்ச்சிக்கு வித்திட்டவரும் அவரே. 1963 வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். தொடங்கிய வேலையை முடிக்கும்வரை தலைமையும் ஆட்களும் நிலையாக இருந்தால் என்ன விளையும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இன்று அந்த நிலைத்த தன்மைதான் அருகி வருகிறது. முதுகலைப் பட்டம் பெற்று, தேசியத் தகுதித் தேர்விலும் வென்ற இளைஞருக்கு மத்திய அரசு தரும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். தொகை குறைவு என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அது மாதந்தோறும் வந்து சேர்வதில்லை என்பதே நாடெங்கும் ஆராய்ச்சி மாணவர்களின் நெடுநாளைய முறையீடு. பல மாதத் தொகை ஒன்றாக வரும்வரை வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அவர் யாரிடம் கை நீட்டுவார்?

டாக்டர் பட்டம் பெற்ற பிறகாவது விடிவு உண்டா? 1916ல் தொடங்கிய மைசூர் பல்கலைக்கழகம் போன்ற பழம்பெரும் கல்விக்கூடம் உள்ள இந்த மாநிலத்திலேயே அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்துவோர் பெரும்பாலும் 'அதிதி உபன்யாசகர்' எனப்படும் கௌரவ விரிவுரையாளர்கள். தகுதியுள்ள கௌரவ ஆசிரியருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019ல் கூறியது. கர்நாடகத்தில் அதன் பிறகும் 13,000 ரூபாய்தான் கிடைத்து வந்தது. கௌரவ விரிவுரையாளர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடிய பின்னரே 2022 ஜனவரியில் அது 32,000 ரூபாய் வரை உயர்ந்தது. அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பது அப்போதும் உறுதியில்லை. அந்தக் கவலையோடு இருப்பவர் ஐந்தாண்டு பிடிக்கும் ஆராய்ச்சியில் எப்படி இறங்குவார்?

இறங்க முடியாதபோது மனிதர் குறுக்கு வழி தேடுகிறார். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையே அளவுகோலாகிவிட்டதால், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் சஞ்சிகைகள் காளான்போல் முளைத்தன. மானியக் குழு 2018 மே மாதத்தில் தனது அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 சஞ்சிகைகளை ஒரே மூச்சில் நீக்க நேர்ந்தது. இந்நோய் நம் நாட்டோடு நிற்கவில்லை. 2023ல் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. தனிமனிதரின் ஒழுக்கக் கேட்டை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்துவிட்டுத் தரம் எங்கே என்று கேட்பது நியாயமாகாது.

நிரந்தர வேலை கொடுத்தால் சோம்பல் வளரும் என்று வாதிடுவோர் உண்டு. அது முற்றிலும் தவறல்ல. அதற்கு மருந்து செய்த வேலையை நேர்மையாக மதிப்பிடுவதே தவிர, ஆளையே நிலையில்லாமல் வைத்திருப்பதல்ல. பணம் இல்லை என்பது அடுத்த வாதம். 2020-21ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதமே ஆராய்ச்சிக்குச் செலவாயிற்று. தென்கொரியா ஏறத்தாழ ஐந்து சதவீதம் செலவிடுகிறது. 2023ல் சட்டமான தேசிய ஆராய்ச்சி நிதியமைப்புக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள்; அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வரவேண்டும் என்கிறார்கள். வருவது வரட்டும். இருக்கிற பணத்தை நாள் தவறாமல் கொடுக்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

உதவித்தொகை, அரசு ஊழியர் சம்பளம்போல மாதத்தின் முதல் வாரத்தில் கைக்கு வரவேண்டும். காலியான ஆசிரியர் இடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். அதுவரை கௌரவ விரிவுரையாளருக்கு மானியக் குழு சொன்ன தொகையைத் தரவேண்டும். நியமனத்தில் கட்டுரைகளை எண்ணுவதை விட்டு, சிறந்த சிலவற்றைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாநிலம் விட்டு வந்து வாழும் நமக்குக் காணி நிலம் கிடையாது; பிள்ளைகளின் படிப்பே சொத்து. ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று மகளோ மகனோ சொன்னால், "முதலில் ஒரு வேலையைத் தேடிக்கொள்" என்று பெற்றோர் தடுப்பது இன்று புத்திசாலித்தனமாகவே படுகிறது. அப்படிச் சொல்ல வேண்டிய அவசியத்தைப் போக்குவது மத்திய, மாநில அரசுகளின் கடமை. இல்லாவிடில் அடுத்த எருமைப்பால் பிரச்னை வரும்போது, அதைத் தீர்க்கப் பொறுமையோடு உட்கார்ந்திருக்க மைசூரில் ஆள் இருக்கமாட்டார்.