அந்த 6 சதவீதம்

கற்பிட்டிக்கு ஏறத்தாழ நேர் மேற்கே, கடலுக்கு அப்பால் சுமார் 225 கிலோமீற்றரில் கூடங்குளம். அங்குள்ள இரண்டு உலைகளும் முழு வலுவில் ஓடும்போது, கற்பிட்டி மணலின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் வினாடிக்குச் சுமார் 1.8 இலட்சம் எதிர் நியூத்திரினோக்கள் ஊடுருவிப் போகின்றன. சூரியனிலிருந்து வரும் நியூத்திரினோக்கள் இதைப்போல் மூன்று இலட்சம் மடங்குக்கும் அதிகம். இவற்றைக் கண்டு அஞ்ச எதுவும் இல்லை.

நான் மறுப்பது வேறொரு கூற்றை. உலைகளிலிருந்து வரவேண்டியவற்றில் 6 சதவீதம் குறைகிறது, அவை எந்தக் கருவிக்கும் அகப்படாத நான்காம் வகையாக மாறிவிடுகின்றன என்கிறார்கள். 2011இல் எழுந்த இந்த ஊகம் இன்றும் முடிந்த முடிவுபோல் சொல்லப்படுகிறது.

முதலில், அந்த ‘வரவேண்டியது’ யாரும் நேரடியாக எண்ணிய தொகை அல்ல. பிரான்சின் கிறனோபிள் ஆய்வு உலையில் 1980களில் யுரேனியம், புளுத்தோனியம் தகடுகளிலிருந்து வெளிப்பட்ட பீற்றா இலத்திரன்களை அளந்து, அதிலிருந்து கணித்தது. அளவீடு பிசகியிருந்தால் எதிர்பார்ப்பும் பிசகும்.

பிசகியதற்குச் சான்று உண்டு. நான்காம் வகையாக மாறுவதென்றால், எந்த எரிபொருளில் பிறந்தாலும் ஒரே அளவில் குறைய வேண்டும். உலை எரிய எரிய யுரேனியம் 235இன் பங்கு குறைந்து புளுத்தோனியம் 239இன் பங்கு கூடும். இந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்த சீனாவின் தாயா பே குழு, 2017இல் யுரேனியத்தில் ஏறத்தாழ 8 சதவீதக் குறைவைக் கண்டது. புளுத்தோனியமோ கணிப்போடு ஒத்துப்போனது. என் பார்வையில் இந்த ஒன்றே போதும். 2021இல் மொஸ்கோவின் குர்ச்சத்தோவ் நிறுவனம் இரண்டின் பீற்றா நிறமாலைகளையும் ஒப்பிட்டு, யுரேனியத்தின் அளவு பழைய கிறனோபிள் விகிதத்தைவிடச் சுமார் 5 சதவீதம் தாழ்வு என்று காட்டியது.

எதிர்பார்ப்பை வேறு வழியில், பிளவுத் துண்டுகளின் சிதைவுகளைக் கூட்டிக் கணிக்க உதவும் அணுக்கரு அட்டவணைகள் பிழையற்றவை என்பதும் சரியல்ல. ஜேர்மானியம் உணரிகள் பல காமாக் கதிர்களைத் தவறவிடும் என்று ஹார்டி குழு 1977இலேயே எச்சரித்தது. தவறவிட்டால், சிதைவு தாழ்ந்த சக்தி மட்டங்களுக்கே போனதாகப் பதிவாகும்; நியூத்திரினோவின் சக்தி மிகையாகக் கணிக்கப்படும். எல்லாக் காமாவையும் உறிஞ்சும் உணரிகளால் பிளவுத் துண்டுகளை ஒவ்வொன்றாக மீள அளந்தபோது, கணிப்பு தாயா பே எண்ணை நெருங்கியது.

நிறமாலையில் 5 மெகா இலத்திரன்வோல்ற்றுக்கு அருகே தெரியும் மேடு இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஆயினும், நான்காம் வகையாக மாறுவதன் அடையாளம் உலையிலிருந்து உள்ள தூரத்தோடு மாற வேண்டும்; இந்த மேடு அப்படி மாறுவதில்லை. நான்காம் வகைக்கு அதைச் சாட்சியாக அழைக்க முடியாது.

தூரத்தோடு மாற்றம் உண்டா என்பதையே தேடி, அதே கிறனோபிளில் உலையிலிருந்து சுமார் 10 மீற்றரில் ஸ்டீரியோ கருவியை வைத்தார்கள். அதன் ஆறு அறைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் போதும், எந்தக் கணிப்பும் தேவையில்லை. 2023இல் வெளியான அதன் முடிவு, உலைக் குறைவுக்கு நான்காம் வகை காரணம் என்பதை நிராகரித்தது.