நாய்க்கு மசாஜ் செஞ்சா மூட்டுவலி போயிடுமா? ஒரு த்ரெட்

வயசான லாப்ரடாருக்கு மசாஜ், பூனைக்கு அரோமாதெரபி, குதிரைக்கு ரெய்கி. "டாக்டர், இதெல்லாம் வேலை செய்யுமா?"ன்னு இன்பாக்ஸ்ல கேட்டுக்கிட்டே இருக்கீங்க.

நான் மனுஷங்களுக்கான டாக்டர். உங்க நாய்க்கு மருந்து எழுத எனக்கு உரிமை இல்லை. இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984 படி அது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. ஆனா ஒரு சிகிச்சை "வேலை செய்யுது"ன்னு எதை வச்சு முடிவு பண்றோம்? அந்தக் கேள்வி எனக்கும் சொந்தம். அதை மட்டும் பேசறேன்.

முதல்ல நல்ல விஷயம். தடவிக் கொடுத்தா மிருகத்துக்கு சுகம், அது நிஜம். குதிரைகள் ஒன்றுக்கொன்று பிடரிமயிர் முடிகிற மேட்டுப் பகுதியை பல்லால் சொறிந்துவிடும். 1993-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்ஸின் கமார்க் குதிரைகளுக்கு அதே இடத்தில் மனுஷக் கையால் தேய்த்துவிட்டபோது இதயத்துடிப்பு குறைந்தது. வேற இடத்தில் தேய்த்தபோது குறையலை. லாயத்துல மாலிஷ் பண்றவர்கிட்ட சொன்னா, இதுக்கு ஆராய்ச்சி வேறயான்னு சிரிப்பார்.

ஆனா சுகம் வேற, சிகிச்சை வேற. இதைச் சொன்னதும் சண்டைக்கு வருவாங்க: "மனுஷனா இருந்தா பிளசிபோன்னு சொல்லலாம். நாய்க்கு என்ன தெரியும்? அது நல்லா நடக்குதுன்னா நிஜமாவே குணமாகுதுன்னுதானே அர்த்தம்?"

கேட்க நல்லா இருக்கு. ஆனா நாய் தன் வலிக்கு மார்க் போடறதில்லை. போடறது நீங்க.

2012-ல் வந்த ஆய்வு ஒன்று. மூட்டுத் தேய்மானத்தால் நொண்டும் 58 நாய்கள், எல்லாத்துக்கும் மருந்தே இல்லாத வெற்று சிகிச்சை. காலை எவ்வளவு அழுத்தி ஊன்றுதுன்னு அளக்கிற தகடு மேல நடக்க விட்டாங்க. தகட்டுக் கணக்கில் முன்னேற்றமே இல்லாதபோதும், சுமார் 40 சதவீதம் தடவை வளர்க்கறவங்க "பரவாயில்லை, தேறிடுச்சு"ன்னு சொன்னாங்க. பரிசோதிச்ச கால்நடை மருத்துவர்களும் தப்பலை, அவங்க கணக்கும் ஏறக்குறைய அதேதான்!

பாசமா பார்க்கிற கண்ணுக்கு நாய் தேறிடும். வலி அப்படியே இருக்கும். சரியான வலிமருந்து கிடைக்காம போகிற அந்த ரெண்டு மாசம்தான் எனக்குக் கவலை. மசாஜே வேணாம்னு நான் சொல்லலை. என்ன நோய்னு தெரிஞ்சு, மருந்தோட சேர்த்து, மருத்துவர் சொன்னபடி பண்ணுங்க. மாசம் ஒருமுறை அதே இடத்துல அதே வேகத்துல நடக்க விட்டு வீடியோ எடுத்து அவர்கிட்ட காட்டுங்க.

செலவே இல்லாத வைத்தியத்தை யாரும் கேட்கறதில்லை. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியா பிரிச்சு, ஜோடியில ஒன்றுக்கு மட்டும் 25 சதவீதம் குறைவா சாப்பாடு போட்டு, ஆயுள் முழுக்க கவனிச்சாங்க. 2002-ல் வந்த முடிவு: குறைவா சாப்பிட்டவை கிட்டத்தட்ட 2 வருஷம் கூடுதலா வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தாமதமா வந்தது. மசாஜுக்கு ஆளைக் கூப்பிடற வீட்ல பிஸ்கட்டை நிறுத்த மனசு வராது. வழுக்கற டைல்ஸ் மேல ஒரு ரப்பர் பாய்கூட இருக்காது.

அடுத்து "இயற்கை" எண்ணெய். டீ ட்ரீ ஆயிலை நாய், பூனைக்குத் தடவாதீங்க. நம்ம கல்லீரல் முறிச்சு வெளியேத்தற பல பொருள்களை பூனையால முடியாது, தடவினதை நக்கவும் செய்யும். 2002 முதல் 2012 வரை அமெரிக்க விலங்கு விஷ மையம் ஒன்றில் பதிவான டீ ட்ரீ ஆயில் விஷ பாதிப்புகள் 443. பெரும்பாலும் நல்லது நினைச்சு தெரிஞ்சே தடவினதுதான். (பாராசிட்டமாலும் பூனைக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும்.)

கை வைக்கவே கூடாத நேரங்களும் உண்டு. நாய் திடீர்னு பின்னங்காலை இழுத்துக்கிட்டு நடக்குது, பூனை பின்னங்கால் சில்லுனு ஆகி வலியில கத்துது, குதிரை வயித்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்து தரையில உருளுது. எதையும் தேய்க்காம உடனே மருத்துவரைக் கூப்பிடுங்க. அங்க மணிநேரம்தான் கணக்கு.

மத்த நாள்ல தாராளமா தடவிக் கொடுங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டாலோ, உதட்டை நக்கினாலோ, எழுந்து போனாலோ விட்டுடுங்க. ஒரே இடத்தைத் தொட்டா தினமும் அப்படிப் பண்ணுதுன்னா, அந்த இடத்தைக் குறிச்சு வச்சு மருத்துவர்கிட்ட சொல்லுங்க.