பக்கவாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டா?

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், ஈ.சி.ஜி. எடுத்த கையோடு 'ட்ரோபோனின்' பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பார்கள். இதயத் தசை சேதமாகியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். வாய் கோணி, ஒரு பக்கக் கை தொங்கிப்போய் வருகிறவருக்கு அப்படி ஒரு பரிசோதனை? வழக்கமான சிகிச்சையில் இன்னும் வரவில்லை.

மூளை ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலும் பக்கவாதம். வெடித்து ரத்தம் கசிந்தாலும் பக்கவாதம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை ரத்தக்கசிவுக்காரருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதலில் சி.டி. ஸ்கேன். 'பக்கவாதம்தானே' என்று வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பதும் இதே காரணத்தால் தப்பு.

ஸ்கேனுக்கு முன்பே ரத்தத்தை வைத்து இரண்டையும் பிரித்தறியும் முயற்சி நடக்கிறது. ஜி.எஃப்.ஏ.பி. என்ற மூளைப் புரதம், கசிவு ஏற்பட்டவர்களின் ரத்தத்தில் சீக்கிரமே உயர்கிறது. அடைப்பில் மெதுவாகத்தான் உயரும். ஆம்புலன்சிலேயே இதைப் பார்க்க முடிந்தால் பெரிய உதவி. ஆனால், சின்னக் கசிவுகளை அது தவறவிடலாம் என்பதால் ஸ்கேனைத் தள்ளிவைக்க முடியாது.

ஊசிக்கு முன் எல்லோருக்கும் கட்டாயம் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை ஒன்றுதான்: சர்க்கரை. விரல் நுனியில் ஒரு குத்து, அவ்வளவே. சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டாலும் கை கால் விழும், பேச்சு குழறும். குளுக்கோஸ் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் ஐ.என்.ஆர். அளவும் தெரிய வேண்டும். அதனால் மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. மற்ற ரிப்போர்ட்டுகளுக்காக ஊசி காத்திருக்கக் கூடாது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்பது ஒரு கணக்கு. ஊசிக்குப் பொதுவான கெடு நாலரை மணி நேரம். அதுவும், கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்திலிருந்து. தூக்கத்தில் வந்தால், கண்டுபிடித்த நேரம் கணக்கில் வராது.

மற்ற பரிசோதனைகளுக்கு அப்புறம்தான் வேலை. அடுத்த அடைப்பைத் தடுக்க ஹெச்பிஏ1சி, கொழுப்பு அளவு பார்ப்பார்கள். குழாயில் கொழுப்பு படிந்து பக்கவாதம் வந்தவருக்குக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை 70க்குக் கீழே இறக்கச் சொல்கிறார்கள். சி.ஆர்.பி. சாதாரணக் காய்ச்சலுக்கும் ஏறும். ஹோமோசிஸ்டீன் கூடுதல் என்றால் பி12 குறைவா என்று பார்க்கலாம். பக்கவாதம் வந்தவர்களுக்கு வைட்டமின் கொடுத்து அதைக் குறைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. மாஸ்டர் ஹெல்த் செக்கப் விளம்பரங்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பக்கவாதத்துக்கு முதல் காரணமான ரத்தக் கொதிப்பு எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. கையில் பட்டை சுற்றித்தான் பார்க்க வேண்டும். இதயம் தாறுமாறாகத் துடித்து, உள்ளே கட்டி உருவாகி மூளைக்குப் போகும் கோளாறும் அப்படித்தான். அதைப் பிடிக்க ஈ.சி.ஜி. வேண்டும், வந்து வந்து போகிற துடிப்பென்றால் ஒருநாள் முழுக்கவோ அதற்கு மேலுமோ கருவியை மாட்டி வைக்க வேண்டியிருக்கும்.