நெறி கட்டாத லிம்போமா

லிம்போமா என்றதும் நம் கை தானாகவே கழுத்துக்கும் அக்குளுக்கும் போகிறது. நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறோம். மண்ணீரலைத் தேடுகிறோம். பிறகு சி.டி. ஸ்கேனுக்கு எழுதுகிறோம். எங்கும் கட்டி இல்லையென்றால் லிம்போமாவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறோம். பெரும்பாலான லிம்போமாக்களுக்கு இந்த வழி போதும். இன்ட்ராவாஸ்குலர் லார்ஜ் பி-செல் லிம்போமாவுக்கு இது போதாது.

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும் நோய் இது. வருபவர்களில் பெரும்பாலோர் எழுபது வயதை ஒட்டியவர்கள். இதன் புற்றணுக்கள் நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்புறத்திலேயே தங்கிப் பெருகுகின்றன. குழாய்ச் சுவரைக் கடந்து வெளியேறத் தேவையான பீட்டா-1 இன்டக்ரின், ஐகேம்-1 ஆகிய ஒட்டுப் புரதங்கள் இவற்றில் இல்லை என்பது 2000ஆம் ஆண்டளவில் தெரியவந்தது. வெளியேற முடியாததால் பெரும்பாலும் கட்டி உருவாவதில்லை, நிணநீர்க்கணுக்களும் வீங்குவதில்லை. இரத்தத்துக்குள்ளேயே இருந்தும் இரத்தப் பூச்சில் இந்த அணுக்கள் அரிதாகவே கண்ணில் படுகின்றன. தந்துகிகளை அடைத்துக்கொண்டு, எந்த உறுப்பை அடைக்கின்றனவோ அந்த உறுப்பின் நோயாகவே வெளியில் தெரிகின்றன.

அதனால்தான் நோயாளி துறை துறையாக அலைகிறார். வாரக்கணக்கில் காய்ச்சல், எடைக் குறைவு, இரத்தசோகை என்று பொது மருத்துவரிடம் வருகிறார். கல்ச்சர்கள் எல்லாம் சுத்தமாக வருகின்றன. நம் நாட்டில் அடுத்த படி பல நேரம் காசநோய் மருந்துகளைத் தொடங்கிப் பார்ப்பதுதான். இன்னொருவருக்கு நினைவு தடுமாறுகிறது, சிறு சிறு பக்கவாதங்கள் அடுத்தடுத்து வருகின்றன, எம்.ஆர்.ஐ.யில் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த அடைப்புப் புண்கள் தெரிகின்றன. மூளை இரத்தக்குழாய் அழற்சி என்று முடிவாகிறது. மற்றொருவருக்கு மூச்சு வாங்குகிறது, ஆக்சிஜன் அளவு இறங்குகிறது, நெஞ்சு ஸ்கேனோ ஏறக்குறைய இயல்பாக இருக்கிறது. ஜப்பானிலிருந்து அதிகம் பதிவான வடிவத்தில் காய்ச்சலோடு கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி, இரத்த அணுக்கள் மூன்று வகையும் குறைந்து, எலும்பு மஜ்ஜையில் அணுக்கள் அணுக்களையே விழுங்கும் ஹீமோஃபேகோசைட்டோசிஸ் தெரியும். இத்தனைக்கும் மேலே "வயசாச்சு" என்ற சொல் வேறு. குடும்பத்தார் அதைச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். நாம் சொல்லக்கூடாது. சில வாரங்களுக்கு முன்புவரை தானே கடைக்குப் போய்வந்த ஒருவர் படுக்கையில் விழுந்ததற்கு முதுமை காரணமாக முடியாது.

துப்பு பெரும்பாலும் கோப்பிலேயே இருக்கிறது. அது எல்.டி.எச். இந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது உயர்ந்திருக்கும், பல நேரம் இயல்பைவிடப் பல மடங்கு. சிறு மருத்துவமனையிலும் செய்யக்கூடிய, செலவு குறைந்த பரிசோதனை. ஆனால் முடிவு வந்ததும் மாதிரி உடைந்திருக்கும், கல்லீரலாக இருக்கும் என்று தள்ளிவைத்துவிடுகிறோம். தள்ளிவைக்காமல் மறுபடி எடுத்துப் பாருங்கள். ஹீமோலிசிஸ் இல்லை என்று உறுதி செய்யுங்கள். முதியவர்களில் பி12 குறைபாடும் எல்.டி.எச்.சை மிக உயரத்துக்குக் கொண்டுபோகும், அதையும் பார்த்துவிடுங்கள். இவையெல்லாம் விலகிய பிறகும் காய்ச்சலும் உயர்ந்த எல்.டி.எச்.சும் நின்றால், கூடவே மூளையோ நுரையீரலோ காரணம் தெரியாமல் தளர்ந்தால், நெறி இல்லை என்பதற்காக லிம்போமாவை விலக்க நமக்கு உரிமை இல்லை.

இந்த இடத்தில்தான் தோல் பயாப்ஸி வருகிறது. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத தோலிலிருந்து திசு எடுக்கும் முறையை ஜப்பானிய மருத்துவர்கள் இருபது ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார்கள். நம்மிடையே இது இன்னும் பழக்கமாகவில்லை. தொடை, வயிறு, மேற்கை ஆகிய மூன்று இடங்களிலாவது எடுக்க வேண்டும். கத்தியால் கீறி, தோலுக்கடியிலுள்ள கொழுப்பு வரை போக வேண்டும். புற்றணுக்கள் அதிகம் கிடைப்பது கொழுப்பிலுள்ள நுண்குழாய்களில்தான். சிறிய பஞ்ச் கருவி பல நேரம் டெர்மிஸோடு நின்றுவிடும். அதில் எதுவும் இல்லை என்று வந்தால் அந்த முடிவுக்கு மதிப்பு இல்லை. முதியவர்களின் உடலில் சாதாரணமாகக் காணும் செர்ரி ஆஞ்சியோமா என்ற சிவப்புப் புள்ளி இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள், அதன் குழாய்களுக்குள் இந்த அணுக்கள் தங்குவதுண்டு. மரப்பு ஊசியும் இரண்டு மூன்று தையலும் போதும். தட்டணுக்கள் குறைந்திருந்தாலும் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்தக்கூடிய இடம் இது. மூளையிலோ நுரையீரலிலோ திசு எடுப்பதோடு ஒப்பிட்டால் இதில் ஆபத்து மிகக் குறைவு.

எலும்பு மஜ்ஜையும் எடுக்க வேண்டியதுதான். ஆனால் மஜ்ஜை சுத்தமாக இருப்பதால் நோய் விலகிவிடாது. தோல் சுத்தமாக இருந்தாலும் அப்படியே. பெட் ஸ்கேன் சில சமயம் எங்கே எடுக்கலாம் என்று காட்டும், சில சமயம் ஒன்றும் காட்டாது. மூச்சுத்திணறல் முன்னே நின்றால் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரல் திசு எடுப்பது பலன் தரும். சந்தேகம் வலுவாக இருந்தால் இரண்டாம் முறை எடுக்கத் தயங்கக்கூடாது.

எல்லாவற்றையும் கெடுப்பது ஸ்டீராய்டு. முதல் சில நாட்களில் காய்ச்சல் இறங்கும், நோயாளி எழுந்து உட்காருவார், வீட்டார் மகிழ்வார்கள். அதற்குள் திசுவிலிருந்து புற்றணுக்கள் மறைந்துபோயிருக்கும். பயாப்ஸி வெறுமையாக வரும். நோய் மட்டும் திரும்பி வரும். ஸ்டீராய்டு கொடுத்தே தீர வேண்டிய அவசரங்கள் உண்டு. அப்போதும் தோலை எடுக்க அரை மணி நேரம் போதும். எடுத்த பிறகு ஊசியைப் போடுங்கள்.

பேத்தாலஜிஸ்டுக்குப் போகும் தாளில் "காரணம் தெரியாத காய்ச்சல்" என்று மட்டும் எழுதினால் அவர் காசநோயையும் வாஸ்குலைட்டிஸையும் தேடுவார். ஒரே ஒரு தந்துகியில் நான்கைந்து அணுக்கள் மட்டும் இருக்கக்கூடும், வழக்கமான சாயத்தில் அவை கண்ணுக்குத் தப்பிவிடும். சந்தேகத்தை வெளிப்படையாக எழுதி, சிடி20 சாயம் கேளுங்கள். அந்த வசதி இல்லாத ஊரென்றால் பாரஃபின் பிளாக்கைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நோயாளியை அனுப்ப வேண்டியதில்லை.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம், இப்போது இதற்கு மருத்துவம் இருக்கிறது. 1959இல் வியன்னாவில் பிஃப்லெகரும் டாப்பைனரும் இந்நோயை முதலில் விவரித்தபோது இது குழாய் உட்சுவரின் புற்று என்று எண்ணப்பட்டது. லிம்போமா என்பது 1980களில் இம்யூனோ சாயங்கள் வந்த பிறகே தெளிவானது. இறந்த பிறகு பிணக்கூறாய்வில் கண்டறிவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2008இல் ஜப்பானில் 106 நோயாளிகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வில், கீமோதெரபியோடு ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களில் 66 சதவீதத்தினர் இரண்டாண்டு கடந்து உயிரோடு இருந்தார்கள். பெறாதவர்களில் 46 சதவீதம். 2020இல் வெளியான பிரைமியர்-ஐவிஎல் ஆய்வில், மூளை பாதிக்கப்படாத 38 பேருக்கு ஆர்-சாப்புடன் உயர் அளவு மெத்தோட்ரெக்ஸேட்டும் தண்டுவட ஊசியும் கொடுத்தபோது இரண்டாண்டு உயிர்வாழ்வு 92 சதவீதம். அந்த ஆய்வில் 79 வயது வரை சேர்த்தார்கள். அதற்கு மேற்பட்டவர்களுக்கும் அளவு குறைத்த ஆர்-மினி-சாப் என்ற வழி உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்து "கீமோ தாங்கமாட்டார்" என்று சொல்லும் முன், அவரைப் படுக்க வைத்தது எது என்று கேட்க வேண்டும். நோயே காரணமென்றால், சிகிச்சையில் அவர் எழுந்து நடக்க வாய்ப்பு இருக்கிறது. மூளையில் ஏற்கெனவே அழிந்த பகுதி மட்டும் மீளாது. தாமதத்தின் விலை அது.

நம் மருத்துவமனைகளில் நோய் அறிவதற்காகச் செய்யும் பிணக்கூறாய்வு மிக அரிது. எனவே தவறவிட்டவர்கள் தவறவிடப்பட்டதாகவே பதிவாவதில்லை. இந்த இதழின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். காரணம் தெரியாத காய்ச்சலும் உயர்ந்த எல்.டி.எச்.சும் உள்ள முதியவர்களிடம் ஸ்டீராய்டுக்கு முன் தோல் பயாப்ஸி செய்யுங்கள். நோய் உறுதியானவர்களின் விவரங்களை மட்டுமல்ல, ஒன்றும் கிடைக்காமல் போன பயாப்ஸிகளின் விவரங்களையும், நோயாளியின் அடையாளம் நீக்கி, எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.